அழுகை சேர்க்காத பதிப்பு

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற அந்தப் பெண்மணியை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிப் பள்ளியில் மற்ற பயிற்சியாளர்கள் எல்லாம் ஆண்கள். பயந்தாங்கொள்ளிகள் யார் வந்தாலும் முதலாளி யோசிக்காமல் அவள் காரில் ஏற்றிவிடுவார். அவள் கத்த மாட்டாள். கற்றுக்கொள்கிறவர் நேராகக் குப்பை லாரியின் பின்புறத்தில் போய்ச் சொருகப் பார்த்தாலும், தன் காலடியில் இருக்கிற தனி பிரேக்கை மிதித்துவிட்டு, "ம், மறுபடியும் ஸ்டார்ட் பண்ணுங்க" என்பாள். குரல் ஏறாது, இறங்காது. "உங்களுக்குள்ள இருக்கறது நெஞ்சா, ஐஸ்கட்டியா?" என்று சக பயிற்சியாளர்கள் கேட்பார்கள். பாராட்டாகத்தான் கேட்டார்கள்.

அந்த நிதானத்தில் பாதி பிறவிக் குணம். மீதிப் பாதி கணவன் போன பிறகு வந்து சேர்ந்தது.

கணவன் லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலையில் இருந்தவன். ஒரு சனிக்கிழமை முடி வெட்டிக்கொள்ளப் போனவன், சலூன் நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிட்டான். கத்தரிச் சத்தத்தில் கண்ணசந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்த முடிதிருத்துபவர், தூக்கம் கலையாமல் இருக்கட்டும் என்று கொஞ்ச நேரம் மெதுவாகவே வெட்டிக்கொண்டிருந்தாராம். பிறகுதான் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது, ஒரு பக்கக் காதுக்கு மேல் முடி அளவாக வெட்டியிருந்தது. மறுபக்கம் காதை மூடிக்கொண்டு தொங்கியது. 'இந்தப் பக்கம் வெட்டவே இல்லையே' என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அதற்கப்புறமும் வெகுநேரம் அதுவே தோன்றிக்கொண்டிருந்தது.

சுற்றியிருந்தவர்கள் எல்லாம் அழுதார்கள். மகள் அழுதாள். கணவனின் தம்பி சுவரில் தலையை முட்டிக்கொண்டான். முடிதிருத்துபவர்கூட, சட்டையில் ஒட்டிய முடியைத் தட்டிவிடாமல், வராந்தா ஓரத்தில் நின்று விசும்பினார். டீச்சருக்கு மட்டும் வரவில்லை. வந்துவிடும் என்று அவளும் காத்திருந்தாள், உறவுக்காரர்களும் காத்திருந்தார்கள். "அதிர்ச்சில இருக்கா. விடுங்க, தானா உடைஞ்சு அழுவா" என்று ஆரம்பத்தில் சொன்னவர்களே, கொஞ்ச நாள் போனதும் "சரியான அழுத்தக்காரி" என்று மாற்றிக்கொண்டார்கள். இரண்டுமே அவள் காதில் விழுந்தன. எங்கோ ஓர் ஊரில் மழை பெய்ததாக ரேடியோவில் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டாள். விடுப்பு முடிந்ததும் வேலைக்குப் போனாள். சமைத்தாள். மகளுக்குக் கல்லூரியில் இடம் வாங்கினாள். எதுவும் தவறவில்லை. எதுவும் தைக்கவுமில்லை.

எழுத ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வகுப்புக்கு வரவேண்டியவர்கள் பாதி நாள் வர மாட்டார்கள்; காய்ச்சல் என்பார்கள், மாமியார் வந்திருக்கிறார் என்பார்கள். அந்த நேரத்தில் பயிற்சி மைதானத்து ஓரம் காரை நிறுத்திவிட்டு, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதுவாள். படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற ஒருத்தியின் கதை. படகில் ஏறுகிற விதவிதமான ஆட்கள், ஆட்டை மடியில் வைத்துக்கொண்டு அதற்கு டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று மல்லுக்கு நிற்கிற கிழவர், தினமும் அக்கரைக்குப் போய் இறங்காமலே திரும்பி வருகிற புதுமணப்பெண். படித்தால் வாய்விட்டுச் சிரிக்கலாம். கதையின் நடுவில் டிக்கெட்காரியின் கணவன் இறந்துபோகிறான். மறுநாள் முடிந்து அதற்கடுத்த நாள் அவள் டிக்கெட் கொடுக்க உட்கார்ந்துவிடுகிறாள். கடைசிப் பக்கம் வரை அழுவதில்லை.

எழுதி முடித்ததை, பள்ளி அலுவலகத்துக் கணினியில் அவளே ஒற்றை விரலால் தட்டி ஏற்றினாள். யாரிடமும் காட்டவில்லை. காட்டவேண்டும் என்றும் தோன்றவில்லை, மறைக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை.

அப்போதுதான் பதிப்பாசிரியர் கார் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். பெயர் போன ஒரு பதிப்பகத்தில், வருகிற எழுத்துகளைப் படித்து எது புத்தகமாக வேண்டும், எது வேண்டாம் என்று சொல்கிறவர். மனைவிதான் அதுவரை அவரை ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டது. ஓய்வு பெறப் போகிற வயதில் இவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியதாயிற்று. கிளட்சிலிருந்து காலை எடுக்கச் சொன்னால், கிணற்றில் குதிக்கச் சொன்னதுபோல் பார்ப்பார். பயம் வந்தால் பேச்சு பொங்கிக்கொண்டு வரும்.

"எங்க ஆபீஸ்ல அலமாரி பூரா கதை வந்து கிடக்கு டீச்சர். எல்லாரும் எழுதறாங்க. யார் படிக்கறாங்கன்னுதான் தெரியல."

"சைடு கண்ணாடியைப் பாருங்க சார்."

"பார்த்துட்டேன். சைக்கிள் வருது. நான் நின்னுடட்டுமா?"

"நீங்க நின்னுதான் இருக்கீங்க."

இப்படியே போய்க்கொண்டிருந்த ஒரு நாள், சிவப்பு விளக்கில் நிற்கும்போது டீச்சர் சொன்னாள்: "நானும் ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன் சார்."

வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. பதிப்பாசிரியர் முகத்தில், பந்தியில் உட்கார்ந்த பிறகு கடன்காரனைப் பார்த்துவிட்டவரின் களை. "அனுப்புங்க, பார்க்கறேன்" என்றார். ஆயிரம் பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம் அது. அவள் அன்றே அனுப்பிவிட்டாள்.

அடுத்த வகுப்பில் அவர் இருக்கையில் உட்கார்ந்ததும் சீட் பெல்ட் போட மறந்து பேச ஆரம்பித்தார். அந்த ஆட்டுக்காரக் கிழவரை நினைத்து நினைத்துச் சிரித்தார். பேசுகிற மும்முரத்தில் பயப்பட மறந்து, ரிவர்ஸில் போய் இரண்டு கார்களுக்கு நடுவே கச்சிதமாக நிறுத்திவிட்டார். நிறுத்திய பிறகு திரும்பிப் பார்த்து, "இதை யார் பண்ணது?" என்றார்.

"நீங்கதான் சார்."

"ஆபீசுக்கு வாங்க டீச்சர். பேசணும்."

பதிப்பகத்துக்கு அவள் போனாள். குறுகிய மாடிப்படி, படிக்குப் படி புத்தகக் கட்டு. உள்ளே பழைய காகித வாசனையும் டீ வாசனையும். தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பதிப்பாசிரியர் வேறு ஆளாக இருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது; பேச்சில் தடுமாற்றமே இல்லை. தங்கள் பதிப்பகத்தின் பெயரில் ஒரு புத்தகம் வந்தால் என்ன நடக்கும் என்று விளக்கினார். நூலகங்களுக்குப் போகும். கடைகளில் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பார்கள். அட்டைக்கு நல்ல ஓவியர் இருக்கிறார். மதிப்புரை எழுதுகிறவர்கள் பெயருக்காகவாவது ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்கள். வரிசை நீளம்தான், அடுத்த வருஷத்துக்கு மேல் ஆகும். எழுதினவருக்குக் கிடைக்கிற பங்கு பெரிதாக ஒன்றும் இருக்காது. "ஆனா முதல் புத்தகத்துக்கு ஒரு முகவரி வேணும் டீச்சர். இது நல்ல முகவரி."

அவள் தலையாட்டினாள்.

"ஒரே ஒரு விஷயம். புருஷன் செத்துப்போறான். அவ அழவே மாட்டேங்கறா."

"ஆமா சார்."

"ஒரு தடவையாவது உடையணும். படிக்கறவன் அதுக்காகத்தான் பக்கத்தைத் திருப்பிட்டிருக்கான். நீங்க கொடுக்காம அவனை நடுத்தெருவுல விட்டுட்டீங்க."

"அவ அழல சார்."

"ஏன் அழல?"

"தெரியல."

பதிப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதினவங்களுக்கே தெரியலன்னா எப்படி? ஒரு அத்தியாயம். அவ தனியா உட்கார்ந்து அழற மாதிரி ஒரு அத்தியாயம் சேருங்க. மத்ததுல நான் கை வைக்கவே மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இதைச் சொன்னாள். கணவனின் தம்பி வந்திருந்தான். அண்ணன் போனதிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்து, குழாய், பல்பு, எரிவாயு அடுப்பு என்று எதையாவது கழற்றி மாட்டிவிட்டுப் போவான். அச்சுக்கடை வைத்திருக்கிறான். விசிட்டிங் கார்டு, கல்லூரி மாணவர்களின் ஆய்வேடு, கடைகளுக்கு பில் புத்தகம். சில வருஷமாக, தாங்களே புத்தகம் போட்டுக்கொள்ள நினைக்கிறவர்களுக்கும் அச்சடித்துக் கொடுக்கிறான். அண்ணி கதை எழுதியிருக்கிறாள் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும். வாயைப் பிளந்தான். பிறகு கோபம் வந்தது.

"அவங்க சொல்லி நீங்க மாத்தணுமா அண்ணி? எதுக்கு அங்க போய்க் கையைக் கட்டிட்டு நிக்கணும்? நம்ம மெஷின் இருக்கு. இன்னிக்குக் கொடுத்தா அடுத்த வாரம் புத்தகம் கையில. ஒரு எழுத்து மாத்த வேண்டாம். எத்தனை காப்பி வேணுமோ அத்தனை. நெட்லயும் ஏத்திடலாம், செல்போன்லயே படிச்சுப்பாங்க."

"விக்கறது யாரு சித்தப்பா?" என்றாள் மகள், அறைக்குள்ளிருந்து.

கொழுந்தன் பின்னந்தலையைச் சொறிந்தான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. "அது நாமதான் பார்த்துக்கணும். ஒரு ரிட்டயர்டு கணக்காளர் கவிதை போட்டார். கட்டு அப்படியே என் பரண் மேலதான் இருக்கு. அடிக்கடி வந்து நலம் விசாரிச்சுட்டுப் போவார்."

"யாரை, உன்னையா?"

"கட்டைத்தான்."

மகள் சிரித்தபடி வெளியே வந்தாள். "அம்மா, அது பெரிய இடம்மா. கிடைக்காம எத்தனை பேர் அலையறாங்க. ஒரு அத்தியாயம் தானே? எழுதிக் கொடுத்துடு."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். "உங்களுக்கு எது இஷ்டம் அண்ணி?" என்று கொழுந்தன் கேட்டான். கேட்டதற்காக அவள் உள்ளே தேடிப் பார்த்தாள். இந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை, அந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை. பதிப்பகத்தின் பெயரைச் சொன்னால் நெஞ்சு நிமிரவில்லை. சொந்தமாகப் போடலாம் என்றாலும் துணிச்சல் எதுவும் கிளம்பவில்லை. விருப்பம் என்ற ஒன்று முன்பு எங்கே இருந்தது என்பதே மறந்துபோயிருந்தது. கேட்டுவிட்டார்கள், செய்து கொடுத்துவிடலாம் என்று விட்டுவிட்டாள்.

அழுகை அத்தியாயம் சுலபமாக வந்தது. அவளே எதிர்பார்க்கவில்லை. மைதானத்து ஓரம் உட்கார்ந்து, ஒரு வாரத்துக்குள் எழுதிவிட்டாள். டிக்கெட்காரி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் கணவனின் சட்டைக் காலரைப் பல்லில் கடித்துக்கொள்கிறாள். அவன் என்றோ செல்போனில் அனுப்பிய குரல் செய்தியை, 'வரும்போது பால் வாங்கிட்டு வா' என்கிற அந்த ஒற்றை வரியை, சார்ஜ் தீர்ந்து போன் அணைகிறவரை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறாள். எழுதும்போது டீச்சர் ஓர் இடத்தில் எழுத்துப் பிழை கண்ணில் பட்டு அடித்துத் திருத்தினாள்.

பதிப்பாசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். "என் வீட்டம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். பாதிக்கு மேல என்னால முடியல, அவதான் வாங்கிப் படிச்சா. இதுதான் டீச்சர். இதைத்தான் கேட்டேன். திங்கட்கிழமை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுடலாம்."

"சரி சார்" என்றாள்.

கையெழுத்துக்கு முன்னால் தானும் படிக்கவேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். ஞாயிறு காலையில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். டீச்சர் பக்கத்தில் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மகள் ஆட்டுக்காரரிடம் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, இதெல்லாம் உனக்குள்ள எங்க இருந்தது? வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டியே!" புதுமணப்பெண்ணிடம் வந்தபோது "அச்சச்சோ" என்றாள். பிறகு சத்தம் நின்றது. டீச்சர் ஒரு பாவாடையை முடித்து, ஒரு சட்டையை விரித்தாள். ரொம்ப நேரம் பக்கம் திருப்புகிற சத்தமே இல்லை.

"இது நான்" என்றாள் மகள்.

டீச்சர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நீ வெளிய நின்னுட்டிருந்தியா?"

"ம்."

"எத்தனை நாள்?"

"நீ உள்ள போறப்பல்லாம்."

"கதவைத் தட்டல."

"தட்டலாமா வேண்டாமான்னு தெரியல கண்ணு."

மகள் முகத்தில் கோபம் இல்லை. அதனால்தான் டீச்சருக்கு என்ன செய்வதென்று புரியாமல் போயிற்று. "ரெண்டு வருஷமா உனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டிருக்கேன். நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான் குழாயைத் திறந்து விட்டேன். நீ கேட்டுட்டு நின்னிருக்க, துவைக்கறப்ப காலர்ல பல்லுத் தடத்தையும் பார்த்திருக்க. கேட்டு, ஒண்ணு விடாம ஞாபகம் வெச்சு, இப்ப அவளுக்குக் கொடுத்திருக்க."

"எனக்கு வேற அழுகை தெரியாதே."

சொல்லிவிட்ட பிறகுதான், தான் சொன்னது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே தெரிந்தது.

மகள் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி மேஜை மேல் வைத்தாள். "நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் ஆஹான்னுவாங்க. ஆனா அது என்னோடதும்மா. உன்னோடது வேற எங்கயாவது இருக்கும். இல்லன்னா இல்ல, அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"எடுத்துடட்டுமா?"

"எடுன்னு நான் சொல்லல. என்னைக் கேட்கலன்னு சொல்றேன்."

அன்று சாயங்காலம் மகள் கடைக்குப் போய் அம்மாவுக்குத் தலைவலி மாத்திரை வாங்கி வந்தாள். யாரும் தலைவலி என்று சொல்லியிருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பதிப்பாசிரியருக்கு வகுப்பு இருந்தது. முடிந்ததும் ஒன்றாகவே ஆபீசுக்குப் போவதாக ஏற்பாடு. மரத்தடியில் ஓரங்கட்டச் சொல்லி, எஞ்சினை அணைக்கச் சொன்னாள்.

"சார், அந்த அத்தியாயம் என்னுது இல்ல."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எங்கேருந்தாவது காப்பி அடிச்சீங்களா?"

"ஆமா. என் பொண்ணுகிட்டேர்ந்து."

"அட போங்க டீச்சர், பயமுறுத்திட்டீங்க. அது காப்பி இல்ல. எழுதறவங்க எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. கண்ணுல பட்டதை எடுத்து அடுத்தவங்களுக்குப் போட்டு விடறதுதான் கதை."

"இருக்கலாம் சார். நீங்க எடுத்துடுங்க. அவ அழாமலே இருக்கட்டும்."

அவர் நல்ல மனுஷர். சுற்றி வளைக்கவில்லை. அந்த அத்தியாயம் இல்லாவிட்டால் மேலே இருக்கிறவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றார். வாதாடிப் பார்க்கிறேன் என்று பொய் சொல்ல விரும்பவில்லை என்றார். தனக்கே அது இல்லாமல் அந்தக் கதையில் கால் ஊன்றி நிற்க முடியவில்லை என்றார். இன்னொரு முறை யோசிக்கச் சொன்னார். கதவு இப்போது மூடினால் மறுபடி திறக்கும் என்று தன்னால் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். எல்லாவற்றுக்கும் அவள் "சரி சார்" என்றாள்.

"எனக்குத்தான் மனசு கேட்கல. உங்களுக்கு வருத்தமாவே இல்லையா?"

"தெரியல சார். இண்டிகேட்டர் இன்னும் அடிச்சிட்டிருக்கு, அதை அணைங்க."

புத்தகம் கொழுந்தனின் கடைக்குப் போயிற்று. அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அட்டைக்கு மாதிரி காட்டினான்: சூரிய அஸ்தமனம், ரோஜாப்பூ, மறுபடி சூரிய அஸ்தமனம். "வெறும் பழுப்பு போதும் தம்பி" என்றாள். முதல் அச்சில் எழுத்துரு சொதப்பி, கொம்புகளெல்லாம் எழுத்தோடு சண்டை போட்டுக்கொண்டதுபோல் தள்ளித் தள்ளி நின்றன. அதைச் சரிபண்ணப் போய் நடுவில் ஒரு பத்தி இரண்டு தடவை வந்தது. டீச்சர் வகுப்பு முடிந்து தினமும் கடைக்குப் போய், பசை வாசனைக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பிழை பார்த்தாள். மகளும் கல்லூரி விட்டு வந்து ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அழுகை அத்தியாயம் இருந்த தாள்களை டீச்சர் அவளிடம் கொடுத்திருந்தாள். அவள் அவற்றை என்ன செய்தாள் என்று கேட்கவில்லை.

புத்தகக் கட்டுகள் தயாரான அன்று கொழுந்தன் போன் செய்து வரச் சொன்னான். குரலில் ஏதோ விஷயம் இருந்தது. கடையில் மேல் கட்டைப் பிரித்து ஒரு பிரதியை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தான். டீச்சர் அட்டையைத் திருப்பினாள்.

முதல் பக்கத்தில் கணவனின் படம். அலுவலக அடையாள அட்டைக்காக எடுத்தது. காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கும். கீழே, பூவேலைக் கட்டத்துக்குள், 'என் அன்புக் கணவருக்கு, கண்ணீருடன்' என்று அச்சிட்டிருந்தது.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கொழுந்தன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இதை எடுத்துடுங்க தம்பி."

"அண்ணி..."

"எல்லாத்துலேர்ந்தும்."

"அவன் என் அண்ணன், அண்ணி. அவன் படம் இல்லாம நம்ம வீட்டுலேர்ந்து ஒரு புத்தகம் எப்படிப் போகும்?" அவன் குரல் உடைந்தது. "நீங்க ஏன் அழலன்னு நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா?"

"இல்ல. நீங்க ஒருத்தர்தான் கேட்கல."

கொழுந்தன் கட்டின் மேல் கை வைத்தபடி நின்றான். பிறகு இழுப்பறையைத் திறந்து பிளேடும் இரும்பு ஸ்கேலும் எடுத்தான். நானும் வெட்டுகிறேன் என்று அவள் கை நீட்டியபோது, "வேணாம், உங்களுக்குப் பக்குவம் தெரியாது, முதுகு பிரிஞ்சுடும்" என்று தானே உட்கார்ந்தான். ஒவ்வொரு பிரதியாகத் திறந்து, ஸ்கேலை வைத்து, அண்ணனின் பக்கத்தை ஓரத்தோடு அறுத்து எடுத்தான். கண்ணிலிருந்து கொட்டியது. தாளில் விழுந்துவிடாமல் முழங்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெட்டினான். அவள் அடுத்த பிரதியைத் திறந்து கொடுத்தாள், அறுத்த பக்கத்தை வாங்கி அடுக்கினாள். படம் மேலே தெரிகிறமாதிரி அடுக்குவதா, கவிழ்த்து அடுக்குவதா என்று ஒரு நிமிஷம் யோசித்து, கவிழ்த்தே வைத்தாள். இடையில் ஒருமுறை எழுந்து அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்தான். மறுபடி ஆரம்பித்தார்கள். மாலையில் மகள் வந்தாள். சித்தப்பாவின் முகத்தையும் அடுக்கையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பைகளை ஓரமாக வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கங்களை என்ன பண்றது?" என்று டீச்சர் கேட்டாள்.

"எனக்குக் கொடுங்க" என்றான் கொழுந்தன். பழுப்புத் தாளில் சுற்றி, தானே எடுத்துக்கொண்டு போனான்.

புத்தகம் ஓடிற்று என்றும் சொல்ல முடியாது, நின்றது என்றும் சொல்ல முடியாது. பயிற்சிப் பள்ளி வரவேற்பு மேஜையில் கொஞ்சம், கொழுந்தனின் கடையில் கொஞ்சம். ஒரு புத்தகக் கடைக்காரர் தயவு பார்த்து உள் அலமாரியில் வைத்தார். லைசென்ஸ் வாங்கினவர்கள் சந்தோஷத்தில் ஒன்று வாங்கிப் போனார்கள். லைசென்ஸ் கிடைக்காதவர்கள் டீச்சரின் மனது கோணக்கூடாது என்று வாங்கினார்கள். உறவுக்கார அம்மா ஒருத்தி படித்துவிட்டு, "தான் அழலன்னு ஊருக்கே அச்சடிச்சுக் கொடுத்திருக்கா பாரு" என்றாளாம். வேறொருத்தி, ஆடு வருகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பதாகச் சொன்னாள். பதிப்பாசிரியர் தட்டுத் தடுமாறித் தேர்வில் தேறியதும் இரண்டு பிரதி வாங்கினார். மனைவி, அந்த அழுகை இல்லாமல் ஏதோ குறைகிறது என்றாராம். "எனக்கும் குறையுது. ஆனா குறையறது எங்கன்னு அடிக்கடி எடுத்துப் பார்க்கத் தோணுது" என்றார். அது பாராட்டா இல்லையா என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அந்தப் பதிப்பகமே போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று மகள்தான் சில நாள் எண்ணிப் பார்ப்பாள். டீச்சர் அப்படி எதுவும் எண்ணியதாகத் தெரியவில்லை. மைதானத்து ஓரம் கார் நின்றால் மறுபடி அட்டை மடிக்கு வந்தது. இந்தத் தடவை ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் காவலாளியைப் பற்றி. முதல் சில பக்கங்களை எழுதியதும் மகளிடம் கொடுத்து, "இதுல உன்னோடது ஏதாவது இருக்கா பாரு" என்றாள். மகள் கவனமாகப் படித்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணு. பரவால்ல, வெச்சுக்கோ" என்றாள்.

பின்னட்டையில் தொடர்பு எண் போடவேண்டும் என்று கொழுந்தன் பள்ளியின் எண்ணைப் போட்டிருந்தான். அதனால் புத்தகத்துக்காக யார் கூப்பிட்டாலும் வரவேற்பு மேஜையில் இருக்கிற பெண், "காருக்கா, டூ வீலருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பாள். ஒரு முற்பகல் அப்படி ஒரு அழைப்பு வந்தது. இரண்டுக்கும் இல்லையாம் என்று அவள் டீச்சரைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள்.

"அந்தப் படகு டிக்கெட் கதை எழுதினது நீங்கதானே?" ஒரு பெண் குரல். நடுவயதிருக்கும். பின்னால் பிரஷர் குக்கர் சத்தம்.

"ஆமாங்க."

"ஒண்ணு கேட்கணும். தப்பா நினைச்சுக்காதீங்க. அவ கடைசி வரைக்கும் அழவே மாட்டாளா?"

"மாட்டா."

"நான் இன்னும் முடிக்கலைங்க. கொஞ்சப் பக்கம் பாக்கி இருக்கு. இப்படிப் பட்டுனு சொல்லிட்டீங்களே."

"ஐயோ. மன்னிச்சுக்கங்க, நான் யோசிக்கல."

"இல்ல இல்ல, பரவால்ல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் கூப்பிட்டேன். கடைசியில அழ வெச்சுடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு. மேல படிக்காமலே மூடி வெச்சிருந்தேன். இப்ப படிச்சுடறேன்."

குக்கர் விசிலடித்தது. அந்தப் பெண், அடுப்பைப் பார்க்கணும் என்று சொல்லி வைத்துவிட்டாள். பெயரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. டீச்சர் ரிசீவரைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். "யாரு டீச்சர், சேரப் போறாங்களா?" என்று வரவேற்புப் பெண் கேட்டாள். இல்லை என்று தலையசைத்து ரிசீவரை வைத்தாள். வெளியே புதிதாகச் சேர்ந்த ஒருவர் காருக்குள் ஏற்கெனவே உட்கார்ந்து, வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் போய் மறுபக்கம் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.